காந்தம் ஒட்டினால் விண்கல் ஆகிவிடுமா?

பினாங்கு ஞாயிற்றுச் சந்தையில் 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) விண்கல் விற்கிறார்கள், காந்தமும் ஒட்டுகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கழிவான இரும்புக் கசடும் காந்தத்தில் ஒட்டும். நான் ஆசையாக வாங்கிய கல்லை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே ஆப்பம்போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. அது கசடு, விண்கல்லில் அப்படிக் குமிழ்கள் அநேகமாக இருக்காது. இரும்பு விண்கல்லில் ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் இருக்கும், அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கறுப்புக் கண்ணாடிபோல இருந்தால் டெக்டைட்டாக இருக்கலாம். நம் வட்டாரத்தில் கிடைப்பதுதான். ஏறத்தாழ 790,000 ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதில் உருகிய பூமி மண். அதற்கு விண்கல் விலை கொடுக்காதீர்கள்.

அப்புறம் விலை. கிராம் கணக்கில்தான் பேசுவார்கள், விண்கல்லின் பெயரும் விலையை ஏற்றும். 1947இல் ரஷ்யாவில் விழுந்த சிக்கோட்டே அலின் என்று சொன்னால், அந்தத் துண்டு யார் யார் கைமாறி வந்தது என்பதற்கு ரசீது கேளுங்கள்.