மறதியா, காதா?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 69 வயது. ஒரு வருடமாக மறதி கூடிவிட்டது. காலையில் சொன்னதை மாலையில் "எப்போ சொன்னே?" என்கிறார். தினமும் சுடோகு போட வைக்கிறேன். வல்லாரை மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, வால்நட் இவற்றில் மூளைக்கு எது நல்லது? டிவியை அலறவிட்டுத் தனியாகவே உட்கார்ந்திருக்கிறார், விசேஷங்களுக்கும் வருவதில்லை. அடுத்த மாதம் தங்கை கல்யாணம். அதற்குள் கொஞ்சம் தெளிந்தால் போதும்.

குமரன்

அன்புள்ள குமரன்,

வால்நட் சாப்பிடட்டும். அந்த இரண்டு மாத்திரைகளும் மறதியைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சுடோகு பிடித்திருந்தால் போடட்டும். போடப் போட சுடோகு நன்றாக வரும், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி டிவி பற்றியது. அதைப் போகிற போக்கில் ஒரு புகாராக எழுதியிருக்கிறீர்கள். காதைப் பரிசோதித்தீர்களா? ஒரு வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லையா? கண் மங்கினால் அந்த வாரமே கண்ணாடி வாங்குகிறோம். காது மங்கினால் மட்டும் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம்.

லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியா எனும் மறதி நோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் பெரும்பங்கு உள்ள இரண்டு, செவித்திறன் குறைவும் கெட்ட கொழுப்பும். காது மங்கியவரின் மூளை, அரைகுறையாக வந்த சொல்லை நிரப்பிக்கொள்வதிலேயே களைத்துப்போகிறது. நினைவில் வைக்கத் தெம்பு மிஞ்சுவதில்லை. சரியாகக் காதில் விழாததை மாலையில் எப்படி நினைவுகூர முடியும்? பிறகு கூட்டத்தைத் தவிர்க்கிறார். அந்தத் தனிமையும் அதே பட்டியலில் இருக்கிறது.

காது கேட்கும் மிஷின் வைத்தால் மறதி வராது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்றாண்டு கவனித்த ஆய்வு 2023இல் வெளியானது. மொத்தக் கணக்கில், கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து கூடியிருந்தவர்களில், காது கேட்கும் கருவியும் பயிற்சியும் பெற்றவர்களின் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. எனக்கு அது போதுமான காரணம்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அழுக்கு அடைத்திருந்தால் அவர் எடுப்பார். நீங்கள் பட்ஸ் போட்டால் இன்னும் உள்ளே தள்ளுவீர்கள். பிறகு ஒலி புகாத அறையில் ஆடியோகிராம், அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை. வயதால் வரும் குறைவு உச்ச அதிர்வெண்ணில், அதாவது கீச்சென்ற ஒலிகளில்தான் தொடங்கும். உயிரொலிகள் கேட்கும், ச, த, ப போன்றவை நழுவும். 'சட்டை' என்றால் 'பட்டை' என்று விழும். மெதுவாகச் சொன்னால் கேட்காது, உரக்கச் சொன்னால் "ஏன்டா கத்துறே" என்பார். அது வீம்பு அல்ல. அந்தக் காதில் கேட்கும் அளவுக்கும் உறுத்தும் அளவுக்கும் இடைவெளி சுருங்கிவிட்டது. ஆன்லைனில் விற்கும் மலிவான ஒலிபெருக்கிக் கருவியை வாங்கிவிடாதீர்கள். அது தட்டு விழும் சத்தத்தையும் உங்கள் பேச்சையும் ஒரே அளவில் கூட்டும். அவருடைய ஆடியோகிராமுக்கு ஏற்ப, செவித்திறன் நிபுணரான ஆடியோலஜிஸ்ட் அமைத்த கருவி வேண்டும். இரு காதிலும் குறைவென்றால் இரண்டு காதுக்கும். வசதி இல்லாத முதியோருக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

வாங்கிய கருவி அலமாரிக்குப் போவது முதல் மாதத்தில்தான். தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல இருக்கும், பாத்திரச் சத்தம் அறையும். அதனால் முதல் வாரம் அமைதியான வீட்டில், ஒருவரோடு பேசும்போது மட்டும், தினம் ஓரிரண்டு மணி நேரம். பிறகு வாரா வாரம் கூட்டி, ஒரு மாதத்தில் விழித்திருக்கும் நேரம் முழுவதும். இடையில் இரண்டு மூன்று முறை திரும்பப் போய் ஒலியளவைத் திருத்த வேண்டும். "சரியா வரல" என்று கழற்றி வைப்பவர்கள் பெரும்பாலும் திரும்பப் போகாதவர்கள். கல்யாண மண்டபத்தில், நாதஸ்வரத்துக்கு நடுவே முதல்முறையாக மாட்டிவிடாதீர்கள். அன்றோடு அதை வெறுத்துவிடுவார்.

கீச்சென்று விசில் அடித்தால் காதில் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது அழுக்கு சேர்ந்திருக்கிறது. சத்தம் குறைந்தால் முதலில் கருவிக்குள் அழுக்கு போகாமல் தடுக்கும் வடிகட்டியைப் பாருங்கள். தலைக்கு எண்ணெய் தடவும்போதும் குளிக்கும்போதும் கழற்ற வேண்டும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஊர் வியர்வையும் ஈரமும் கருவியைச் சீக்கிரம் கெடுக்கும். புதுப் பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் போடுங்கள்.

நீங்களும் மாற வேண்டும், குமரன். அடுப்படியிலிருந்தோ முதுகுக்குப் பின்னாலிருந்தோ பேசாதீர்கள். டிவியை அணைத்து, மூன்றடி தூரத்தில் முகம் தெரிய உட்கார்ந்து, நிதானமாகச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் அதையே கத்தாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெரியவர்களை அந்த வார்த்தை போல எதுவும் ஒதுக்குவதில்லை.

ரத்த அழுத்தம், சர்க்கரை, வைட்டமின் பி12, தைராய்டு ஆகியவற்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் என்றால் பி12 பரிசோதனை கட்டாயம். அது குறைந்தாலும் மறதி வரும்.

தெரிந்த தெருவில் வழி தவறினாலோ பணக் கணக்கு குழம்பினாலோ காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அங்கே மூன்று சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்பார்கள். காதில் விழாதவர் அதில் தோற்பார், மறதி என்று எழுதிவிடுவார்கள். போகும்போது கருவியை மாட்டி அழைத்துப் போங்கள். கருவி வருவதற்கு முன்பே போக நேர்ந்தால், காது மந்தம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.