புறாவுக்கு எது எல்லைக்கோடு? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சிறுவயதில் புறா வளர்த்ததாக எழுதியிருந்தீர்கள். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் ஹோமர் பந்தயம் விடுகிறார்; தொலைவில் திறந்துவிட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பி வரும் புறாதான் ஹோமர். போன ஞாயிறு அவரோடு மொட்டைமாடியில் காத்திருந்தேன். எங்கள் புறாதான் முதலில் வந்தது. நாற்பது நிமிடம் கழித்து தர்மபுரியில் இறங்கிய புறாவுக்குப் பரிசு! இது என்ன நியாயம்? வானத்தைப் பார்த்து நிற்பதில் என்ன சுகம் என்று அம்மா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

அன்புள்ள தம்பி,

நியாயம்தான். எல்லாப் புறாவையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் போய்ச் சேர வேண்டிய வீடு வேறு. அதனால் வந்த நேரத்தை மட்டும் பார்ப்பதில்லை, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் பறந்தது என்று பார்க்கிறார்கள். ரோட்டுத் தூரம் இல்லை, நேர்கோட்டுத் தூரம். வடக்கே ஓரிடத்தில் விட்டார்கள், உங்கள் மாடிக்கு 200 கிலோமீட்டர், தர்மபுரிக்கு 245 என்று வைத்துக்கொள். உங்கள் புறா 200 நிமிடத்தில் வந்தால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். தர்மபுரிப் புறா 240 நிமிடத்தில் வந்தால் 1020 மீட்டருக்கும் மேல்.

இப்போது நீ எழுதாமல் விட்டதைக் கேட்கிறேன். வந்த புறா நேராகக் கூண்டுக்குள் போனதா? தலைக்கு மேல் வந்துவிட்டால் வந்ததாகக் கணக்கில்லை. பழைய முறையில், பந்தயத்துக்கு முன் காலில் மாட்டிய ரப்பர் வளையத்தைக் கழற்றி, முத்திரையிட்ட கடிகாரத்துக்குள் போட்டு அழுத்தினால்தான் நேரம் பதியும். கடிகாரம் முந்தியதா பிந்தியதா என்று பிறகு சரிபார்த்து, அந்த வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ கொள்வார்கள். இப்போது காலிலேயே சிப் வளையம் உண்டு. கூண்டு வாசலில் இருக்கும் பலகையை மிதித்ததும் பதிவாகிவிடும். ஆனால் மிதிக்க வேண்டுமே! தண்ணீர்த்தொட்டி மேல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தது என்றால் போச்சு. அதே கணக்கில் 195 நிமிடத்தில் உள்ளே போயிருந்தால் 1025 மீட்டர், பரிசு உங்களுக்கு.

நான் பந்தயம் விட்டதில்லை. சாம்பல் நிறப் பெட்டை ஒன்றைக் கூடையில் வைத்துத் தொப்பூரில் கொண்டுபோய் விட்டேன். பஸ் பிடித்து வீடு வந்தால், எனக்கு முன்பே வந்து எதிர்வீட்டு ஓட்டின் மேல் இருந்தது. கம்பு டப்பாவைக் குலுக்கினேன். கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. இறங்கவில்லை. மறுபடி குலுக்கினேன். சிறகை ஒடுக்கிக்கொண்டு என் காலடியில் வந்து விழுந்தாற்போல் இறங்கியது. மார்பு படபடவென்று என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. கயிறு கிடையாது, கடிவாளம் கிடையாது. வழியில் வல்லூறு உண்டு, காற்று உண்டு. எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம், என்னிடம் வந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்.

இன்னொன்று. வேற்றாள் நின்றால் புறா இறங்கத் தயங்கும். அடுத்த ஞாயிறு, வரும் நேரத்துக்கு மாடிப்படியில் மறைவாக உட்கார்ந்துகொள். கொடியில் காயும் துணியையும் எடுத்துவிடச் சொல்.