ரோபோ முகத்த ஞாபகம் வச்சுக்கணுமா?

கேள்வி: புகலிடம் கேட்டு வர்றவங்க தங்குற மையத்துக்கு ஒரு சின்ன ரோபோ டிசைன் பண்றோம். வழி சொல்லும், மொழி கத்துக்குடுக்கும், பேச்சுத்துணையா இருக்கும். ஆள முகத்த வச்சு கண்டுபிடிக்கிற, மனசு கஷ்டத்துல இருக்காங்களான்னு சொல்ற மாட்யூல் ரெண்டையும் சேருங்கன்னு சப்ளையர் சொல்றார். சேக்கலாமா?

பதில்: ரெண்டும் வேண்டாங்க.

புகலிட விசாரணையில பல பேர்கிட்ட காகிதம் எதுவும் இருக்காது, வாயால சொல்றதுதான் ஆதாரம். அது முன்னபின்ன மாறுச்சுன்னா நம்ப முடியலன்னு மனுவையே தள்ளிடுவாங்க. ஆனா உயிர் பிழைச்சு ஓடி வந்தவங்களுக்கு தேதியும் வரிசையும் குழம்புறது ரொம்ப சகஜம். தூக்கம் வராத ராத்திரியில ஒருத்தர் உங்க ரோபோகிட்ட அண்ணன் காணாம போனது மே மாசம்னு சொல்றார், அது சர்வர்ல ஏறிடுது, அப்புறம் அதிகாரிகிட்ட ஜூன்னு சொல்றார்னு வைங்க, பதிவு இருக்குன்னு தெரிஞ்சா என்னைக்காவது யாராவது வந்து கேப்பாங்க, அன்னைக்கு உங்களால முடியாதுன்னு சொல்ல முடியாது. பேச்ச சேமிக்கவே சேமிக்காதீங்க.

விவரம் கை மாறாதுன்னு சப்ளையர் சத்தியம் பண்ணுவார். வங்கதேசத்துல ரோஹிங்கியா அகதிகள்கிட்ட உதவிக்காக வாங்குன விவரம், அவங்க யாருக்கு பயந்து ஓடி வந்தாங்களோ அந்த மியான்மர் அரசாங்கத்துக்கே போச்சுன்னு 2021ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கிற மனித உரிமை அமைப்பு வெளியில சொன்னாங்க. சம்மதம் கேட்டுத்தான் செஞ்சோம்னு ஐநா அகதிகள் ஆணையம் பதில் சொல்லுச்சு. இந்த சம்மதம்ங்கிற வார்த்தையிலதான் இருக்கு விஷயமே. ரெடிமேட் கன்சென்ட் ஃபார்ம் விக்கிற கன்சல்டன்ட் நிறைய பேர் சுத்துறாங்க, தயவுசெஞ்சு வாங்காதீங்க. படுக்கையும் சாப்பாடும் உங்க கையில இருக்கிறப்போ எந்த மனுஷன் மாட்டேன்னு சொல்லுவான்?

மனச படிக்கிற மாட்யூல் முகத்தோட அசைவத்தான் பாக்குது, உள்ள என்ன ஓடுதுன்னு அதுக்கு தெரியாது. ஐரோப்பாவோட 2024 ஏஐ சட்டத்துல இத பள்ளிக்கூடத்துலயும் வேலை பாக்குற இடத்துலயும் தடை பண்ணிருக்காங்க, புகலிடம் கேக்குறவங்க விஷயத்துல மட்டும் 'ஆபத்து அதிகம்'னு பேர் வச்சு, தடை பண்ணாம விட்டுட்டாங்க. யாருக்கு ரொம்ப பாதுகாப்பு வேணுமோ அவங்களுக்குத்தான் குறைச்சல். எனக்கு ஆத்திரமா வருது.

இன்னொன்னு, மலிவா கிடைக்குதுன்னு பெப்பர்ங்கிற பழைய மனுஷ உருவ ரோபோவ தலையில கட்டப் பாப்பாங்க. அதோட உற்பத்தியே 2020ல நின்னுபோச்சு. நான் பாத்த ஒரு மையத்துல இப்படி வாங்குன ரோபோ துணி போர்த்தி மூலையில கெடந்துச்சு, அங்க மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் பணம் இல்லையாம்.

சரி, எதையுமே ஞாபகம் வச்சுக்கக் கூடாதான்னா, ஒரே ஒரு இடத்துல வச்சுக்கலாம், குழந்தைங்களுக்கு மொழி கத்துக்குடுக்கிறப்போ. நேத்து எந்த பாடத்துல விட்டோம்னு தெரியலன்னா குழந்தைக்கு சலிச்சுப்போகும். அதுக்கு முகம் எதுக்கு? ஒரு கார்டு குடுங்க, பேர் வேண்டாம், யானையோ மீனோ ஒரு படம் போதும். பாடத்தோட நம்பர் கார்டுக்குள்ளயே இருக்கணும், சர்வருக்குப் போகக்கூடாது. காட்டினா விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கும், தொலைஞ்சா புது கார்டு, முதல்லேர்ந்து பாடம், அவ்ளோதான் நஷ்டம். அம்மாவுக்கு பிடிக்கலன்னா கிழிச்சு போட்டுடலாம், யாரோட அனுமதியும் தேவையில்ல. இதுலயும் பெருசா எதிர்பாக்காதீங்க, நெதர்லாந்துல சின்ன பசங்களுக்கு நாவ்ங்கிற குட்டி மனுஷ உருவ ரோபோவ வச்சு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக்குடுத்துப் பாத்தாங்க, 2019ல வந்த முடிவுப்படி வெறும் டேப்லட்ல படிச்ச பசங்களும் அதே அளவு கத்துக்கிட்டாங்க.

சப்ளையர்கிட்ட நெட் இல்லாம ஓடுமா, கேமராவ கையால மூட முடியுமான்னு கேளுங்க, பதில எழுத்துல வாங்குங்க. வாயால சொன்னா போதும்னு இழுத்தார்னா அந்த கொட்டேஷன திருப்பிக் குடுத்துடுங்க.