பல மாதமாகத் தொடாத ப்ரீபெய்டு சிம்மில் இருந்த பேலன்ஸ் காணாமல் போய்விட்டது. நான் கட்டிய பணத்தை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்ளலாம்? திரும்பக் கிடைக்குமா?

உங்கள் நம்பர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இருந்தால் பணத்துக்கும் கொஞ்சம் வழி உண்டு. கோபத்தைப் பிறகு படலாம். நானும் பட்டவன்தான்.

இரண்டாவது சிம் ஒன்றைப் பழைய பட்டன் போனில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன், ஓடிபி வருவதற்காக மட்டும். எப்போதாவது சார்ஜ் போட்டு, வந்திருக்கும் எஸ்எம்எஸ்களைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். பயன்பாட்டில்தானே இருக்கிறது என்று நினைப்பு. ஒருநாள் ஆன் செய்தால் சிக்னல் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி. கீழே 'அவசர அழைப்புகள் மட்டும்'. வேறு போனிலிருந்து கஸ்டமர் கேருக்கு அழைத்தேன். "உள்ளே வர்றது கணக்குல சேராது சார். உங்க பக்கத்திலிருந்து காசு கழியுற மாதிரி ஏதாவது நடந்திருக்கணும்" என்றார் அந்தப் பெண். எச்சரிக்கை எஸ்எம்எஸ் அனுப்பினார்களாம். எந்த நம்பருக்கு என்று கேட்டேன். அதே நம்பருக்குத்தான்! அணைத்து வைத்த போனுக்கு வரும் எஸ்எம்எஸ் சில நாள்தான் சர்வரில் காத்திருக்கும், அதற்குப் பிறகு தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரும்பாலும் நாம் குழப்பிக்கொள்வது இரண்டு கெடுக்களை. ஒன்று பேலன்ஸுக்கு உள்ள வேலிடிட்டி. மற்றது நம்பருக்கு உள்ள ஆயுள். பேலன்ஸ் செத்தாலும் நம்பர் சில காலம் இருக்கும்: முதலில் அவுட்கோயிங் நிற்கும், அடுத்து இன்கமிங், கடைசியில் நம்பரே போய்விடும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், நாட்டுக்கு நாடு மாறும்.

நம்பரைத் திரும்ப எடுப்பதில் நியாயம் இருக்கிறது என்பேன். சர்வதேச விதிப்படி நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து ஒரு தொலைபேசி எண் 15 இலக்கங்களைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்படும் எண் வரிசைகளுக்கும் அளவு உண்டு. பேசினாலும் பேசாவிட்டாலும் ஒவ்வொரு சிம்முக்கும் நெட்வொர்க்கின் பதிவேட்டில் ஓர் இடம் பிடித்து வைக்க வேண்டும். இழுப்பறையில் தூங்கும் சிம்களுக்காக எத்தனை காலம் அதை வைத்திருப்பார்கள்?

பேலன்ஸ் விஷயத்தில் அந்தச் சமாதானம் எடுபடாது. நீங்கள் ரீசார்ஜ் செய்த பணம், சேவை தரும்வரை அவர்கள் கணக்கில் வருமானம் கிடையாது. அது உங்களுக்குத் தர வேண்டிய கடன். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கு விதியே அப்படித்தான் பார்க்கிறது. வாடிக்கையாளர்கள் கடைசிவரை பயன்படுத்தாமல் விடும் பகுதிக்கு 'ப்ரேக்கேஜ்' என்று பெயரும் வைத்திருக்கிறது. அதை வருமானமாகச் சேர்த்துக்கொள்ள வழியும் சொல்கிறது. கெடு முடிந்ததும் கடன் மறைந்து லாபமாகிவிடும், அவ்வளவுதான். நம்பரை எடுத்துக்கொள்ளட்டும், மீதிப் பணத்தை அதே ஆளின் இன்னொரு நம்பருக்கு மாற்றிக் கொடுப்பதில் என்ன சிரமம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் பேலன்ஸைவிட நம்பரைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். போன நம்பர் சில காலம் சும்மா கிடந்துவிட்டு இன்னொருவர் கைக்குப் போகும். என் பழைய நம்பருக்கு ஒருமுறை அழைத்துப் பார்த்தேன். ஒரு குழந்தை எடுத்து "அப்பா குளிக்கிறாங்க" என்றது. என் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மீட்கும் எண்ணாக அப்போதும் அந்த நம்பர்தான் இருந்தது என்று நினைவுக்கு வந்ததும் வயிற்றைக் கலக்கியது. 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவில் புது வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த 259 எண்களைச் சோதித்தார்கள். அதில் 171 எண்கள் முன்பு வைத்திருந்தவர்களின் இணையக் கணக்குகளோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

இனி வைத்திருக்கப் போகும் சிம் என்றால், மாதம் ஒரு தடவை அதிலிருந்து காசு கழியும் ஓர் எஸ்எம்எஸ் அனுப்புங்கள், இல்லை அரை நிமிடம் யாரிடமாவது பேசுங்கள். மிஸ்டு கால் உதவாது, அதில் காசு கழியாது. வைஃபையில் பேசும் வாட்ஸ்அப் கால் அந்த சிம்மைத் தொடுவதே இல்லை. போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இழுப்பறையில் கிடக்கும் போனில் வைக்காதீர்கள். எது 'பயன்பாடு' என்று உங்கள் நிறுவனத்தின் விதிமுறையில் ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் படித்துவிடுங்கள். நான் படிக்காமல் விட்டது அந்த ஒரு வரிதான்.

உங்கள் சிம்முக்கு: இப்போதே போனில் போட்டு நெட்வொர்க் வருகிறதா பாருங்கள். வந்தால் சின்னதாக ஒரு ரீசார்ஜ் செய்யுங்கள். சில நிறுவனங்கள் சலுகை நாட்களுக்குள் ரீசார்ஜ் செய்தால் பழைய பேலன்ஸையும் சேர்த்துக் கொடுக்கும். வராவிட்டால் இன்றே கஸ்டமர் கேரைப் பிடித்து, நம்பர் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று கேளுங்கள், புகார் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். போய்விட்டது என்றால் பேலன்ஸுக்காக மல்லுக்கட்டுவதை ஒருநாள் தள்ளிப் போட்டுவிட்டு, அந்த நம்பரைக் கொடுத்திருக்கும் வங்கியிலும் மின்னஞ்சலிலும் முதலில் நம்பரை மாற்றுங்கள்.