குடமிளகாய்ப் பசுமைக்குடிலில் எவ்வளவு மருந்தடித்தும் இலைப்பேன் போகவில்லையே, பூச்சியை விட்டே பூச்சியை அடக்க முடியுமா?

முடியும். ஸ்பெயினின் அல்மேரியாவில் 2007 வாக்கில் குடமிளகாய் விவசாயிகள் பெருமளவில் இந்த வழிக்கு மாறினார்கள். மருந்து தோற்பதற்குக் காரணம் இருக்கிறது: இலைப்பேனின் முட்டை இலைத் திசுவுக்குள், கூட்டுப்புழு பெரும்பாலும் மண்ணில், வளர்ந்தது பூவுக்குள் இருப்பதால் மருந்து சரியாக எட்டுவதில்லை.

அங்கே விடுவது இரண்டு பேரை. ஸ்விர்ஸ்கி என்ற இரைவிழுங்கிச் சிலந்திப்பேன் இலைப்பேனில் இளங்குஞ்சுகளை மட்டுமே தின்னும். வளர்ந்ததைப் பிடிக்க அதற்குத் தெம்பு கிடையாது. அந்த வேலை ஓரியஸ் என்ற குட்டி நாவாய்ப்பூச்சிக்கு. பூவுக்குள்ளேயே புகுந்து, ஊசி வாயால் குத்தி உறிஞ்சிவிடும். இரண்டுமே மகரந்தம் தின்றும் பிழைக்கும் என்பதால், பூ வந்ததுமே, இலைப்பேன் பெருகும் முன்பே விட்டுவிடலாம். தாமதித்தால் பலன் குறைவு. அப்புறம், பழைய மருந்தின் எச்சம் செடியில் இருந்தால் காசு கொடுத்து வாங்கிய இவைதான் முதலில் சாகும்.