‘கேஷ்’ தமிழ்ச் சொல்லா? டர்பன் சகோதரிக்குப் பதில்

வணக்கம் சகோதரி. ‘கேஷ்’ தமிழிலிருந்து வந்தது என்று உங்கள் மகள் எழுதியதைப் பள்ளியில் தவறு என்று அடித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். மனம் வலிக்கிறது, பிள்ளை சொன்னதில் பாதி சரி.

ஆங்கிலத்தில் ‘cash’ என்ற ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் உண்டு. ரொக்கத்தைக் குறிப்பது, பெட்டி எனப் பொருள்படும் லத்தீன் ‘காப்ஸா’வின் வழியில் வந்தது. பணப்பெட்டியின் பெயர் பணத்துக்கே ஆகிவிட்டது. சிறு நாணயத்தைக் குறிக்கும் மற்றது நம் ‘காசு’தான்! போர்த்துகீசியர் வாயில் ‘கைஷா’வாகி ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக்காக 1808இல் அச்சிட்ட செப்புக் காசுகளில் ‘CASH’ என்ற அந்தச் சொல்லே பொறிக்கப்பட்டிருக்கிறது. அன்றைய சென்னைக் கணக்கில் 80 காசு சேர்ந்தால் ‘பணம்’ என்ற ஒரு நாணயம்.

பெரிய ஆங்கில அகராதிகளில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். அந்தப் பக்கத்தை ஆசிரியரிடம் காட்டுங்கள்; ‘நாணயம்’ என்ற சொல்லைச் சேர்த்து மகளைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.