அயர்லாந்தின் கவுண்டி கவுன்சில்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: அயர்லாந்துக் குடியரசில் 26 கவுண்டிகள் என்று படித்திருக்கிறேன். உள்ளாட்சி மன்றங்கள் 31 என்கிறார்கள். கணக்கு இடிக்கிறதே?

இடிக்கவில்லை. பாரம்பரியக் கவுண்டிகள் (நம் மாவட்டங்கள் போன்றவை) 26, இன்றைய கவுண்டி கவுன்சில்களும் 26. ஆனால் இந்த ஒற்றுமை தற்செயலானது. டப்ளின் கவுண்டி 1994-இல் ஃபிங்கல், தெற்கு டப்ளின், டன் லேரி–ராத்டவுன் என மூன்றாகப் பிரிந்தபோது எண்ணிக்கையில் இரண்டு கூடியது. 2014-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் லிமெரிக்கும் வாட்டர்ஃபோர்டும் தத்தம் நகர மன்றங்களோடு இணைந்து "நகர–கவுண்டி கவுன்சில்" ஆனதால் இரண்டு குறைந்தது. இவற்றோடு டப்ளின், கார்க், கால்வே ஆகிய மூன்று நகர மன்றங்களைச் சேர்த்தால் 26+2+3, அதாவது 31. அதே 2014 சீர்திருத்தம் 80 சிறு நகர மன்றங்களை ஒரே வீச்சில் ஒழித்தது. இப்போது நாடு முழுவதற்கும் 949 கவுன்சிலர்கள்தாம் இருக்கிறார்கள்.

கே: நான் வேலை அனுமதியில் டப்ளினில் இருக்கிறேன். ஐரிஷ் குடியுரிமை இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியுமா?

முடியும். 18 வயது நிறைந்து, அந்தத் தேர்தல் பகுதியில் வழக்கமாக வசிப்பவராக இருந்து, வாக்காளர் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று சட்டம் கேட்பதில்லை. நாடாளுமன்றத்தின் கீழவையாகிய டாலுக்கான தேர்தலுக்கு இது பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடியுரிமை இல்லாதவர் உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளராக நிற்கவும் தடையில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளை ஒப்பிடும்போது இது தாராளமான விதி. இருந்தும் குடியேறியவர்களில் பலர் பதிவே செய்துகொள்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். கேரளத்திலிருந்து குடியேறிய பேபி பெரேப்பாடன் 2024-இல் தெற்கு டப்ளினின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை அறிந்தவர்களாவது அடுத்த தேர்தலுக்கு முன் பெயரைச் சேர்ப்பார்கள் என நம்புகிறேன். தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. கடைசியாக 2024 ஜூன் 7 அன்று நடந்தது.

கே: ஒரு வேட்பாளருக்கு முத்திரை குத்துவதற்குப் பதிலாக 1, 2, 3 என்று எழுதச் சொல்கிறார்களாம். அந்த வாக்குகளை எப்படி எண்ணுகிறார்கள்?

முதலில் தொகுதியின் அமைப்பைப் பார்ப்போம். ஒவ்வொரு கவுண்டியும் உள்ளூர்த் தேர்தல் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பொதுவாக ஐந்து முதல் ஏழு பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த இடங்களில் மூன்று அல்லது நான்கு பேர். வாக்குச்சீட்டில் பெயர்கள் அகர வரிசையில், புகைப்படத்தோடு இருக்கும். உங்கள் விருப்ப வரிசையை எண்களாக எழுத வேண்டும். "1" மட்டும் எழுதினாலும் அது செல்லும் வாக்கே.

வெல்லத் தேவையான எண்ணிக்கைக்குக் கோட்டா என்று பெயர். செல்லுபடியான வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, மிச்சத்தைத் தள்ளி, விடையோடு ஒன்றைக் கூட்டினால் அது கிடைக்கும். ஏழு இடங்கள் உள்ள பகுதியில் 14,000 செல்லுபடியான வாக்குகள் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். 14,000-ஐ 8-ஆல் வகுத்தால் 1,750, கோட்டா 1,751. முதல் சுற்றில் ஒருவர் 2,251 பெற்றால் அவர் வென்றுவிட்டார். உபரியாகிய 500 வாக்குகள் வீணாகக் கூடாது. அவருடைய சீட்டுகள் அனைத்தையும் இரண்டாம் விருப்பப்படி பிரித்து, மேற்கொண்டு விருப்பம் எழுதப்பட்ட சீட்டுகள் 2,000 எனவும், அவற்றில் 1,200 ஒரு பெண் வேட்பாளருக்கு எனவும் தெரிந்தால், 500 உபரியில் அதே விகிதப்படி 300 சீட்டுகள் அவருக்குப் போகும். இங்கு கவனிக்க வேண்டியது, அந்த 300-உம் கட்டின் மேலிருந்து எடுக்கப்படும் உண்மையான காகிதச் சீட்டுகள் என்பதுதான். எந்தச் சீட்டு மேலே இருந்தது என்ற தற்செயல், பின் சுற்றுகளில் சில வாக்குகளை இப்படியும் அப்படியும் நகர்த்தக்கூடும். மேலவைத் தேர்தலில் பின்னங்களைக் கணக்கிட்டு இந்தத் தற்செயலை நீக்குகிறார்கள். கவுன்சில் தேர்தலில் அந்தச் சிரமம் எடுப்பதில்லை.

உபரி இல்லாத சுற்றில், மிகக் குறைந்த வாக்கு பெற்றவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பங்களுக்கு மாறும். இப்படி எல்லா இடங்களும் நிரம்பும்வரை சுற்றுகள் தொடர்வதால், எண்ணும் பணி சில இடங்களில் நாள்கணக்கில் நீள்கிறது. பெரிய கட்சிகளோடு சிறு கட்சிகளும் சுயேச்சைகளும் தங்கள் பலத்துக்கு ஏறத்தாழ ஏற்ற இடங்களைப் பெறுவதற்கு இந்த முறையே காரணம்.

கே: நகராட்சி மாவட்டம் என்பது தனி மன்றமா?

இல்லை. அதே கவுன்சிலர்கள் தங்கள் பகுதிக்காகத் தனியே கூடும் அமைப்பு அது. கெரி கவுண்டியில் 33 உறுப்பினர்கள், ஆறு தேர்தல் பகுதிகள். அவற்றில் கில்லார்னி, ட்ரலீ, லிஸ்டோவெல், கென்மேர் ஆகிய நான்கும் தனித்தனி மாவட்டங்கள். காஸில்ஐலண்டும் கொர்க்கா கீனாவும் சேர்ந்து ஒரே மாவட்டம். தெருவிளக்கு, உள்ளூர்ச் சாலைப் பராமரிப்பு போன்றவற்றின் முன்னுரிமையை இங்கே முடிவு செய்வார்கள். வரி, கவுண்டி முழுமைக்குமான திட்டம் ஆகியவை முழு மன்றத்துக்கு உரியவை.

கே: கவுன்சிலின் தலைவர்தானே அதிகாரம் உள்ளவர்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தலைவரை, அல்லது சில இடங்களில் மேயரை, கவுன்சிலர்களே ஆண்டுதோறும் ஜூன் மாதக் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிகள் முன்கூட்டியே பேசிவைத்து ஆண்டுக்கு ஒருவராகப் பதவியைச் சுழற்றிக்கொள்வது வழக்கம். அவர் கூட்டத்தை நடத்துவார், விழாக்களில் கவுண்டியின் முகமாக இருப்பார். அன்றாட நிர்வாகம் தலைமை நிர்வாகி என்ற அரசு அலுவலரின் கையில் இருக்கிறது. 2014 வரை கவுண்டி மேலாளர் என்று அழைக்கப்பட்ட இவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. 1929-இல் கார்க் நகரில் தொடங்கிய இந்த ஏற்பாட்டை 1940-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாக் கவுண்டிகளுக்கும் விரித்தது.

அதிகாரங்கள் இரு கூறாகப் பிரிகின்றன. ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை ஏற்பது, வளர்ச்சித் திட்டத்தை இயற்றுவது, துணை விதிகள் செய்வது, வீட்டுச் சொத்து வரியைச் சட்ட வரம்புக்குள் கூட்டுவது அல்லது குறைப்பது ஆகியவை கவுன்சிலர்களுக்கே ஒதுக்கப்பட்டவை. தனித்தனி வீட்டுக் கட்டுமான அனுமதிகள், பணியாளர் நியமனம், ஒப்பந்தம் போன்ற மற்ற யாவும் நிர்வாகியின் பொறுப்பு. குறிப்பிட்ட ஒரு விஷயத்தில் நிர்வாகிக்கு ஆணையிடும் தீர்மானத்தைக் கவுன்சிலர்கள் நிறைவேற்றலாம். முன்பு கட்டுமான அனுமதிகளைப் பெற்றுத்தர அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். 2014-க்குப் பின் அந்த வாசல் அடைக்கப்பட்டது. காவல்துறை, பள்ளி, மருத்துவமனை எதுவும் கவுன்சிலின் வரம்பில் இல்லை. என் கருத்தில், இவ்வளவு நுட்பமான முறையில் தேர்ந்தெடுக்கப்படும் ஒரு மன்றத்துக்கு அதிகாரம் மிகக் குறைவாகவே தரப்பட்டிருக்கிறது.

கே: தேர்தலின்போது வீட்டுக்கு வந்த கவுன்சிலர், கவுன்சில் வாடகைக்கு விடும் வீடு ஒன்றை வாங்கித் தருவதாகச் சொன்னார். நம்பலாமா?

வேண்டாம். வீடு ஒதுக்கீட்டுக்கான பொது விதியைத்தான் கவுன்சிலர்கள் ஏற்கிறார்கள். யாருக்கு எந்த வீடு என்பது நிர்வாகத்தின் முடிவு. உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் விசாரித்துச் சொல்லலாம்.

கே: லிமெரிக்கில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்களாமே?

ஆம், நாட்டிலேயே அங்கு மட்டும். 2019 மே மாதம் கார்க், வாட்டர்ஃபோர்டு, லிமெரிக் மூன்றிலும் இதற்கான வாக்கெடுப்பு நடந்தது. முதல் இரண்டும் சிறு வித்தியாசத்தில் மறுத்தன, லிமெரிக் ஏற்றது. 2024 ஜூனில் சுயேச்சையான ஜான் மொரன் ஐந்தாண்டுக்கு மேயராகத் தேர்வானார். தலைமை நிர்வாகியிடம் இருந்த பல அதிகாரங்கள் அவரிடம் மாறிவிட்டன.

கே: எங்கள் கவுன்சிலர் 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் டால் உறுப்பினராகிவிட்டார். இடைத்தேர்தல் எப்போது?

இடைத்தேர்தல் கிடையாது. இரண்டு பதவிகளையும் ஒருசேர வகிப்பதைச் சட்டம் தடுப்பதால் அவர் கவுன்சில் இடத்தை இழந்திருப்பார். விலகியவர் கட்சி உறுப்பினராக இருந்தால், அந்தக் கட்சி முன்மொழிபவரை மற்றக் கவுன்சிலர்கள் மன்றக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். புதியவர் அடுத்த உள்ளாட்சித் தேர்தல்வரை பதவியில் இருப்பார்.